மாயா அருள்பிரகாசம்: சனிக்கிழமைப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாட்டுக் கேட்கக் கூடுவார்கள். பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பிள்ளைகள்தான் அதிகம். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற இருவரும் உண்டு. ஒருவர் ஒரு பாட்டைப் போட வேண்டும், அது முடியும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது, பிறகு எவ்வளவு நேரமும் கதைக்கலாம். இவ்வளவுதான் விதி. இந்த வருடம் மூன்று மாதத்துக்கு மேலாக நாங்கள் கேட்டது ஒரே ஒரு பாடகியை, எம்.ஐ.ஏ.யை. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோரும் வாசலில் நின்று கேட்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

முதலில், யார் இவர்? ஏன் இத்தனை பெயர்?

முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். கூப்பிடும் பெயர் மாயா. மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. 1975 ஜூலை 18இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். அங்கே கன்னியர் மடப் பாடசாலையில் படித்தார். நடுவில் சில காலம் சென்னையில் இருந்தார்கள். 1986இல், பதினொரு வயது ஆகும் தறுவாயில், தாயோடும் சகோதரங்களோடும் அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். பிறந்த நகரத்துக்கே அகதியாகத் திரும்பிய பிள்ளை. இதை மறந்துவிட்டு அவருடைய பாட்டுகளைக் கேட்டால் பாதி விளங்காது.

மேடைப் பெயருக்கு வருகிறேன். போரில் சண்டைக்குப் போய்த் திரும்பாதவரைப் படைகளின் ஏடுகளில் ஆங்கிலத்தில் எம்.ஐ.ஏ. என்று மூன்று எழுத்தில் எழுதுவார்கள்: களத்தில், ஆங்கிலத்தில் சொன்னால் 'அக்ஷனில்', காணாமற்போனவர். மாயா லண்டனில் அக்டன் என்ற பகுதியில் இருந்தபோது, இலங்கையில் காணாமற்போன உறவினர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். 'அக்டனில் காணாமற்போனவள்' என்று தன்னையும் அதற்குள் சேர்த்து வைத்த பெயர் அது. வெளிநாட்டு இரசிகருக்கு இது ஒரு கெட்டிக்காரச் சொல்விளையாட்டு. படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. முதல் சனிக்கிழமை இதைச் சொன்னபோது அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

அப்பா புலிகள் இயக்கத்தில் இருந்தவராமே?

இல்லை. பல வெளிநாட்டுப் பத்திரிகைகள் அப்படி எழுதியதால் வந்த குழப்பம் இது. அவர் ஈரோஸ் என்ற வேறொரு தமிழ்ப் போராட்ட இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அருளர் என்பது அங்கே அவருக்கு இருந்த பெயர். 1977 கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இருந்த தமிழர்களை அகதிகளாகக் காங்கேசன்துறைக்கு ஏற்றிச் சென்ற கப்பலை வைத்து 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவரும் அவர்தான். நம் வீடுகளில் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் கப்பலில் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாயாவின் குடும்பக் கதைக்குள் கொழும்புத் துறைமுகம் இப்படி ஏற்கனவே இருக்கிறது.

மாயாவுக்கு அப்பாவைச் சரியாகத் தெரியாது. பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம் அவரை மாமா என்று சொல்லி அறிமுகப்படுத்திய காலம் அது. முதல் அல்பத்துக்கு 'அருளர்' என்று பெயர் வைத்ததை நான் ஒரு கடிதமாகத்தான் பார்க்கிறேன். எங்கோ இருக்கிற தகப்பன் தன் பெயரைத் தேடும்போது மகள் கண்ணில் படட்டும் என்று அனுப்பிய கடிதம். பதிலும் வந்தது. பெயரை மாற்று என்று அவர் கேட்டதாக மாயாவே சொல்லியிருக்கிறார். மாற்றவில்லை. அருளர் 2019இல் காலமானார்.

இரண்டாவது அல்பத்துக்கு அம்மாவின் பெயர், 'கலா'. நான்காவதுக்குத் தன் பெயர், 'மாதங்கி'. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முறையாகப் பாட்டுப் படித்தவரா?

படிக்கவில்லை. லண்டன் சென்ட்ரல் செயின்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தவர். ஸ்டென்சில் வெட்டி, ஸ்ப்ரே பெயின்ற் அடித்து, பனைமரமும் புலியும் யுத்தமுமாக ஓவியம் செய்துகொண்டிருந்தார். எலாஸ்டிக்கா என்ற ஆங்கில ராக் குழுவுக்கு அல்பம் அட்டை செய்து கொடுத்தார், அவர்களுடைய சுற்றுப்பயணத்தில் கமெராவோடு போனார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி ஒரு சின்னத் தாளப் பெட்டியைக் காட்டினார். ரோலண்ட் எம்.சி. 505 என்று பெயர், மடியில் வைத்துத் தட்டலாம். தனி அறையில் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்து செய்த பாட்டுதான் 'கலாங்'. 2003இல் வெறும் 500 இசைத்தட்டுகள் அடித்து வெளியிட்டார்கள். 2005 மார்ச்சில் 'அருளர்' வந்தது. அதே வருடம் பிரித்தானியாவின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது.

ஒரு அம்மா வாசலில் நின்று கேட்டார்: "சுருதியே இல்லையே, இதைப் பாட்டு என்று சொல்லலாமா?" சங்கீத வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புகிறவர், நியாயமான கேள்விதான். பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் மாயாவின் குரல் நிற்கிறது. நடைபாதைக் கடைக்காரர் விலை கூவுவதையும், பிள்ளைகள் கயிறடிக்கும்போது சொல்லும் பாட்டையும் நினைத்துக்கொண்டு கேட்கச் சொன்னேன். நமக்கென்று ஒரு பொப்பிசை மரபு இருக்கிறது என்றும் சொன்னேன். ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பைலாத் தாளத்தில் நம் வீட்டுப் பேச்சைப் பாட்டாக்கியபோதும், இதெல்லாம் பாட்டா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பெரிய மேடைகளில் அந்தப் பொப்பிசையின் முகமாக இருந்தவர்கள் அநேகமாக ஆண்கள். யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை ஒருத்தி உலக மேடையில் அந்த இடத்தில் வந்து நிற்பாள் என்று என் வயதுப் பெண்கள் கனவிலும் நினைக்கவில்லை.

'கலா'வை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்?

இதற்கு நான் நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

2006இல் அமெரிக்காவில் இருந்து அடுத்த அல்பத்தைச் செய்யப் போன மாயாவுக்கு விசா சிக்கலானது. சரி, என்று அவர் உலகத்தின் மற்றப் பக்கங்களுக்குப் போனார். இந்தியா, ட்ரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா. சென்னையில் உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டில் கேட்பது அந்த மேளம்தான். அதை நாங்கள் சத்தமாகப் போட்ட அன்று மாடி வீட்டு ஆச்சி இறங்கி வந்து, எந்தக் கோயிலில் திருவிழா என்று கேட்டார். உட்கார வைத்து முழுப்பாட்டையும் கேட்க வைத்தோம். காலில் தாளம் போட்டார்.

அல்பத்தின் முதல் பாட்டு 'பேம்பூ பாங்கா'. அதற்குள் இளையராஜா இருக்கிறார். 1991இல் வந்த 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து எடுத்த துண்டு. பொங்கல் வந்தால் நம் வானொலிகளில் இன்றைக்கும் ஒலிக்கிற பாட்டு. அதை வெட்டி, சுற்றவிட்டு, மேலே தன் குரலை வைத்திருக்கிறார். 'ஜிம்மி' என்ற இன்னொரு பாட்டு, 1982இல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படப் பாட்டின் மறுபடைப்பு. சின்ன வயதில் வீட்டுக் கொண்டாட்டங்களில் அவரை ஆடச் சொல்வார்களாம், அந்தப் பாட்டுக்கு. நம் வீடுகளில் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளையை நடுவில் நிறுத்தி "ஆடிக் காட்டு" என்பார்களே, அதேதான்.

உடுப்புகளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த நேரத்துப் படங்களில் கண் கூசும் மஞ்சள், ரோஸ், பச்சை, ஒன்றோடு ஒன்று ஒத்துவராத அச்சுகள். மேலைநாட்டுச் சஞ்சிகைகள் அதைப் புதுப் பாணி என்று எழுதின. யாழ்ப்பாணத்துத் திருவிழாக் கடைகளில் தொங்கும் சீத்தைத் துணிகளைத்தான் நான் அதில் பார்த்தேன். அம்மா கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. துணியும் நிறமும் அந்த வீட்டின் சோறு.

'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் துப்பாக்கிச் சத்தம் வருகிறதே, அது வன்முறையைப் புகழ்வதா?

விசா வரிசையில் நிற்கும் ஒருவரை அந்த வரிசைக்கு வெளியே இருப்பவர் எப்படிக் கற்பனை செய்கிறார் என்பதுதான் அந்தப் பாட்டு. இவன் கள்ளக் கடதாசி செய்வான், இவன் நம் காசை எடுக்க வந்தவன் என்ற நினைப்பைப் பிள்ளைக் குரல்களின் கோரஸில் வைத்து, வெடிச் சத்தத்தையும் காசுப் பெட்டியின் கிணுக்கையும் சேர்த்திருக்கிறார். பின்னணியில் 'தி கிளாஷ்' குழுவின் பழைய பாட்டு ஒன்றின் இசை. எம்.ரீ.வி. வெடிச் சத்தத்தை எடுத்துவிட்டு ஒளிபரப்பியது. 2008இல் ஒரு ஹொலிவூட் படத்தின் முன்னோட்டத்தில் வந்த பிறகு பாட்டு எங்கேயோ போய்விட்டது. அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் நான்காம் இடம்.

விசா நேர்முகத்துக்குப் போய் வந்த எவருக்கும் இந்தப் பாட்டில் எனக்குத் தெரியாத ஒன்று விளங்கும். நம் கூட்டத்தில் அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள்.

அந்த நாட்களில் கொழும்பில் இதை எப்படிக் கேட்டீர்கள்?

சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான்.

லண்டனிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி 'கலா' சீடியைப் பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தாள். 2007 அது. அந்த வருடம் ஜூனில்தான் கொழும்பில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் விடியப்புறம் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. எங்கள் ஒழுங்கையிலிருந்தும் ஆட்கள் போனார்கள். நானும் சிநேகிதியும் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது இயர்போனில் ஆளுக்கொரு காது வைத்துக் கேட்போம். சோதனைச் சாவடி வந்தால் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு அடையாள அட்டையை எடுப்போம். எங்களை ஒருவரும் பாட்டைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் மட்டும் எப்போதும் இருந்தது.

மாயாவின் முதல் அல்பக் காலத்து ஓவியங்களிலும் மேடைப் படங்களிலும் புலி உருவம் இருந்தது. அதனால் அவர் புலிகளை ஆதரிக்கிறார் என்று பலர் சொன்னார்கள். 2008இல் அமெரிக்காவில் இருந்த டிலோன் என்ற இலங்கை ராப் பாடகர் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் மேலேயே ஒரு எதிர்ப் பாட்டுச் செய்தார். தான் பயங்கரவாதத்தை ஆதரித்ததே இல்லை, போரிலிருந்து ஓடி வந்த பொதுமக்களின் குரல்தான் தன் இசை என்று மாயா பதில் சொன்னார். கொழும்பில் இருந்து அந்தச் சித்திரங்களைப் பார்த்த எனக்கு இரண்டு உணர்ச்சிகள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. இதை ஒருத்தி பயமில்லாமல் வரைகிறாளே என்ற வியப்பு ஒன்று. தூரத்தில் இருந்து வரைவதன் விலையை இங்கே அடையாள அட்டையோடு நிற்கிறவர்கள் கொடுக்க வேண்டி வருமே என்ற கலக்கம் மற்றது. ஒரு பிள்ளை, "அக்கா, அப்ப நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டான். இரண்டு உணர்ச்சியும் உண்மை என்றுதான் சொல்ல முடிந்தது.

நிறைமாதக் கர்ப்பிணியாக மேடையில் பாடினாராமே?

2009 பெப்ரவரி 8, கிராமி விருது விழா. வைத்தியர்கள் பிரசவத்துக்குக் குறித்த நாளே அன்றுதான். ஜே-ஸி, கன்யே வெஸ்ட், ரி.ஐ., லில் வெய்ன் என்று நாலு ராப் நட்சத்திரங்கள் கோட்டும் டையுமாக நிற்க, நடுவில் மாயா வயிறு முழுவதும் தெரியும் கறுப்பு வலைத்துணி உடுப்பில் ஆடிக்கொண்டு வந்தார். அந்தக் கிழமைக்குள்ளேயே மகன் பிறந்தான். அதே மாதம், ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து 'ஸ்லம்டோக் மில்லியனெயர்' படத்துக்குச் செய்த 'ஓ சாயா' பாட்டு ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. பரிசு ரஹ்மானின் 'ஜெய் ஹோ'வுக்குப் போனது.

கர்ப்பிணிப் பெண்ணைப் பொப் உலகம் அதுவரை அநேகமாக ஒளித்துத்தான் வைத்தது. நம் ஊரிலும் அப்படித்தான், ஏழாம் மாதத்துக்குப் பிறகு மேடையில் பேசக்கூட எழும்ப விடமாட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்து என் அம்மா, "பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டுமே" என்றுதான் முதலில் சொன்னார். பிறகு, "தைரியம்தான்" என்றார்.

ஆனால் எனக்கு அந்த மாதம் வேறு விதத்தில் நினைவிருக்கிறது. வன்னியில் இருந்த பெரியம்மா வீட்டாரிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. மாயா ஜனவரி கடைசியில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் உட்கார்ந்து, தன் ஊரில் நடப்பது இனப்படுகொலை என்று சொன்னார். இலங்கை அரசு தரப்பு, அவர் பாட்டோடு நின்றுகொள்ளட்டும் என்ற தோரணையில் பதில் சொன்னது. பிறக்கப் போகிற பிள்ளையோடு அங்கே ஒரு பெண் மேடையில். பதுங்குகுழிக்குள் இங்கே எத்தனை கர்ப்பிணிகள். இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருந்தவர்கள் நாங்கள். அந்த நடனத்தை வெறும் நடனமாக என்னால் இன்றுவரை பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஏன் எல்லோருக்கும் அவர்மேல் கோபம்?

2010 அவருக்குக் கடினமான வருடம். 'போர்ன் ஃப்ரீ' பாட்டுக்கு ரோமன் கவ்ராஸ் இயக்கிய ஒன்பது நிமிட வீடியோவில் செம்பட்டை முடி இளைஞர்களைச் சுற்றிவளைத்துப் பிடித்து, வெட்ட வெளியில் ஓடவிட்டுச் சுடுகிறார்கள். இலங்கையில் கைகட்டப்பட்ட ஆண்கள் சுடப்படும் காட்சி வெளியே வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதை மனதில் வைத்தே செய்தார். யூடியூப் அந்த வீடியோவை அமெரிக்காவில் எடுத்துவிட்டது. இதைச் சிறுவர்களுக்குக் காட்ட வேண்டாம். நான் காட்டவில்லை, கதையை மட்டும் சொன்னேன்.

அடுத்து நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் வந்த நீண்ட கட்டுரை. அப்போது அவர் பெரும் பணக்காரக் குடும்பத்து இளைஞர் ஒருவரோடு நிச்சயமாகி, பிள்ளையோடு லொஸ் ஏஞ்சலிஸில் இருந்தார். விலை உயர்ந்த உருளைக்கிழங்குப் பொரியலைச் சாப்பிட்டுக்கொண்டே அகதிகளைப் பற்றிப் பேசுகிறார் என்ற படம் அந்தக் கட்டுரையில் விழுந்தது. அந்தப் பொரியலைக் கேட்டு வாங்கியவர் கட்டுரையாளர்தான் என்பதை மாயா தன் ஒலிப்பதிவை வெளியிட்டுக் காட்டினார். பத்திரிகையும் பிறகு ஆசிரியர் குறிப்புப் போட்டது. கோபத்தில் கட்டுரையாளரின் ரெலிபோன் இலக்கத்தைப் பகிரங்கமாகப் போட்டது மாயாவின் பிழை. அதை நான் நியாயப்படுத்தமாட்டேன்.

ஆனால் அந்தக் குற்றச்சாட்டின் அடியில் இருப்பது என்னை இன்றும் சுடுகிறது. அகதி எப்போதும் ஏழையாக, கசங்கிய உடுப்போடு இருந்தால்தான் அவள் சொல்வதை நம்புவார்களாம். ரொறன்ரோவில் வீடு வாங்கிய என் சித்தப்பா 1983ஐப் பற்றிப் பேசும் உரிமையை வீட்டுக் கடன் கட்டி முடித்த அன்றோடு இழந்துவிட்டாரா?

அமெரிக்கக் கால்பந்து மேடையில் விரல் காட்டிய சம்பவம்?

2012 பெப்ரவரி 5. மடோனா நடுவில், பக்கத்தில் நிக்கி மினாஜும் மாயாவும். சூப்பர் போல் இடைவேளை நிகழ்ச்சி, அமெரிக்காவில் மட்டும் 11 கோடிக்கும் மேலானவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நொடி நடுவிரலைக் காட்டினார். போட்டி நடத்தும் அமைப்பு முதலில் 15 இலட்சம் டொலரும், பிறகு எல்லாமாக 1 கோடி 66 இலட்சம் டொலரும் கேட்டது. 2014இல் இணக்கத்தில் முடிந்தது. மாதங்கி தேவியின் முத்திரையில் நடுவிரல்கள் உயர்ந்து நிற்கும் என்று மாயா அதற்கு ஒரு விளக்கம் சொன்னார். முத்திரை உண்மைதான், யோக நூல்களில் இருக்கிறது. அந்த நொடியில் அதை நினைத்துத்தான் காட்டினாரா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

அதே கிழமையில் வந்த 'பேட் கேர்ள்ஸ்' வீடியோவைத்தான் நான் அந்த வருடத்தின் மாயா என்பேன். மொரோக்கோப் பாலைவனம், இரண்டு சில்லில் சாய்ந்து ஓடும் கார், அதன் கதவோரம் உட்கார்ந்து நகம் பார்த்துக்கொண்டிருக்கும் மாயா. சவூதியில் பெண்கள் கார் ஓட்டத் தடை இருந்த காலம், அதற்கான பதில் அது. 2018இல்தான் அங்கே அந்தத் தடை நீங்கியது. சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் இருக்கும் ஊர் இது. கூட்டத்தில் ஒரு பிள்ளையின் அம்மா அங்கே எட்டு வருடம் இருந்தவர். வீடியோவைத் திரும்பவும் போடச் சொல்லிப் பார்த்தார்.

ஒவ்வொரு அல்பத்துக்கும் ஆளே மாறிவிடுகிறாரே. எது உண்மையான மாயா?

இதுதான் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. சுவரில் படங்களை வருடப்படி ஒட்டிப் பார்த்தோம். ஸ்டென்சில் ரீசேர்ட் போட்ட லண்டன் மாணவி, கண் கூசும் நிறங்களில் ஆடும் பெண், கர்ப்பிணி, தங்கச் சங்கிலிகளோடு பாலைவனத்தில் ஒருத்தி, கடைசியில் எளிய உடுப்பில் மத நம்பிக்கையைப் பற்றிப் பேசும் நடுத்தர வயதுப் பெண்.

பிறகு ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அந்த நேரத்தில் அவரை யார் என்னவென்று கூப்பிட்டார்கள் என்று எழுதச் சொன்னேன். லண்டன் சஞ்சிகைகளுக்கு ஆச்சரியமான அகதிப் பெண். அமெரிக்க வானொலிக்கு ஒரு பாட்டு நட்சத்திரம். இங்கே பலருக்கு எதிரி. புலம்பெயர்ந்த தமிழருக்கு 'எங்கட பிள்ளை'. ஒரு பத்திரிகைக்குப் போலி, ஒரு விளையாட்டு அமைப்புக்கு நாகரிகம் இல்லாதவள். அந்தத் தாளைப் பார்த்தால் விளங்கும், அவருடைய தோற்றத்தில் பாதியை அவர் மாற்றினார், மீதியைப் பார்த்தவர்கள் மாற்றினார்கள்.

மாறாமல் இருந்தது என்ன? மேலே சொன்ன அல்பம் பெயர்களின் வரிசை ஒன்று: அப்பா, அம்மா, தான். 2022இல் வந்ததன் பெயர் 'மாதா'. வீட்டை விட்டு அவர் தூரப் போகவே இல்லை. மற்றது, எல்லையைக் கடக்கும் ஆட்கள். 2015இல் அவரே இயக்கிய 'போர்டர்ஸ்' வீடியோவில் படகுகளில் நெருக்கியடித்து நிற்கும் ஆண்கள், முட்கம்பி வேலியில் ஏறி நிற்கும் ஆண்கள், நடுவில் அசையாமல் மாயா. ஒரு காட்சியில் அவர் போட்டிருந்த ரீசேர்ட்டுக்காகப் பரிஸ் கால்பந்துக் கழகம் ஒன்று ஆட்சேபித்துக் கடிதம் எழுதியது. 2012, 2013இல் அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறிய ஆட்களை நாம் அறிவோம். சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், சிலரைப் பற்றி வீடுகளில் கதைப்பதில்லை. அந்த வீடியோ ஓடும்போது ஒரு பையன் எழும்பி பல்கனிக்குப் போய்விட்டான். நான் பின்னால் போகவில்லை, தேநீர் மட்டும் கொடுத்தனுப்பினேன்.

அம்மன் பெயர் வைத்தவர் கிறிஸ்தவரானாராமே? தடுப்பூசி வேண்டாம் என்றாராமே?

முதலாவது அவருடைய சொந்த விடயம். இயேசுவின் காட்சி கிடைத்ததாகவும் அதன் பிறகு வாழ்க்கை மாறியதாகவும் 2022இல் சொன்னார். கொழும்பில் ஒரே வீட்டுக்குள் பிள்ளையார் படமும் புனித அந்தோனியார் படமும் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைத் தேவாலயத்தில் நிற்பவர்கள் எல்லோரும் கத்தோலிக்கரா? எனக்கு இதில் அதிர்ச்சி இல்லை.

இரண்டாவது அப்படி இல்லை. 2020இல், நோய் பரவத் தொடங்கிய நேரத்தில், தடுப்பூசிக்கு எதிராக அவர் எழுதினார். பிரித்தானிய வோக் சஞ்சிகை அவரைப் பற்றிச் செய்யவிருந்த கட்டுரையைக் கைவிட்டது. அவர் சொன்னது பிழை. எங்கள் ஒழுங்கையில் அந்த நோயில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். அதிகாரத்தை நம்பாமல் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் அது சரியாகிவிடாது என்று பிள்ளைகளிடம் தெளிவாகச் சொன்னேன். 2016இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் போராட்டத்தைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகள் பலரைப் புண்படுத்தி, லண்டனில் நடக்கவிருந்த அஃப்ரோபங்க் விழாவிலிருந்து விலக வேண்டி வந்ததையும் மறைக்கவில்லை.

பிரித்தானிய அரச விருதை ஏன் வாங்கினார்?

அம்மாவுக்காக. எம்.பி.ஈ. விருது 2019இல் அறிவிக்கப்பட்டு 2020 ஜனவரியில் கையில் கிடைத்தது. அரச பதக்கங்களுக்கான தையல் வேலையைப் பல வருடங்கள் கையால் செய்தவர்களில் கலாவும் ஒருவர். தான் தைத்தது மகளின் நெஞ்சில் ஏறட்டும் என்று ஒரு தாய் ஆசைப்பட்டால், மகள் வேண்டாம் என்பாளா? அதே வருடம் ட்ராவிஸ் ஸ்கொட்டோடு பாடிய 'ஃப்ரான்சைஸ்' அமெரிக்கப் பட்டியலில் நேராக முதலாம் இடத்துக்கு வந்தது. 45 வயதில் அவருடைய முதல் முதலிடம்.

பிள்ளைகள் கேட்கலாமா? எங்கே தொடங்குவது?

சில பாட்டுகளில் ஆங்கில வசைச் சொற்கள் உண்டு. பதின்மூன்று வயதுக்குக் கீழ் என்றால் நீங்கள் முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

'கலா'வில் தொடங்குங்கள். முதலில் 'பேர்ட் ஃப்ளூ', பிறகு 'ஜிம்மி', அப்புறம் 'பேப்பர் பிளேன்ஸ்'. அடுத்து 'அருளர்'. 'மாதங்கி'யைக் கடைசியில் வையுங்கள், அதில் இரைச்சல் கூட. எல்லாம் கேட்ட பிறகு ஸ்டீவ் லவரிட்ஜ் இயக்கி 2018இல் வந்த ஆவணப்படத்தைப் பாருங்கள். இருவரும் ஒரே கலைக் கல்லூரியில் படித்தவர்கள். மாயா இளமையிலிருந்து தானே எடுத்து வைத்த வீடியோக்களை அவர் கையில் கொடுத்திருக்கிறார். பாடகியாகும் முன், 2001இல், கமெராவோடு இலங்கைக்குத் திரும்பி வந்து சொந்தங்களோடு உட்கார்ந்து கதைக்கும் பகுதிகள் அதில் இருக்கின்றன. நம் மச்சாள்மார் வெளிநாட்டிலிருந்து வந்து கூச்சத்தோடு கதிரை நுனியில் உட்கார்ந்திருப்பார்களே, அதே இருப்பு, அதே பாதித் தமிழ்.

நாங்களும் சனிக்கிழமை வரலாமா?

வாருங்கள். ஐந்து மணிக்குத் தொடங்குவோம். கதிரைகள் போதாது, பாயில்தான் இருக்க வேண்டும். ஒரு பாட்டைத் தெரிவுசெய்துகொண்டு வாருங்கள், ஏன் அதைத் தெரிவுசெய்தீர்கள் என்று நாங்கள் கட்டாயம் கேட்போம்.